போர்ட்டோவின் பழைய நகரம்: கால் வலிக்காமல் ஒரே நாளில் நடந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் மேப்பைத் திறந்ததும் ஆற்றங்கரை ரிபெய்ராவுக்கு நேராக இறங்கிவிடுகிறார்கள். படங்களில் பார்த்த இடம் அதுதானே. அங்கே போட்டோ எடுத்து, கரையோர மேசையில் உட்கார்ந்து விலை கூடுதலான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் உச்சி வெயிலில் பேராலயத்துக்கும் கோபுரத்துக்கும் படியேறத் தொடங்குவார்கள். நாலு மணிக்குள் முழங்கால் போய்விடும். பாலத்தின் மேல்தளத்திலிருந்து மாலை வெளிச்சத்தைப் பார்க்காமலேயே ஓட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இடங்களில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. கீழே சொல்லும் வரிசையில் போனால் ஏற்றம் காலையிலேயே முடிந்துவிடும், மதியம் முழுக்க இறக்கம், மாலையில் சமதளத்தில் பாலத்தைக் கடந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம்.

1. முதலில் ஊரின் வடிவத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பழைய நகரம் டோரு ஆற்றின் வடகரையில் இரண்டு குன்றுகளின் மேல் இருக்கிறது. கிழக்கே சே பேராலயம் இருக்கும் குன்று, மேற்கே கிளேரிகோஸ் கோபுரமும் விட்டோரியா பகுதியும் இருக்கும் குன்று. நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் சாவ் பென்டோ ரயில் நிலையம். அந்தப் பள்ளம் அப்படியே சரிந்து ஆற்றங்கரையில் ரிபெய்ராவாக முடிகிறது. அக்கரையில் இருப்பது காயா, அது நிர்வாகப்படி வேறு நகரம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேப்பில் 400 மீட்டர் என்று காட்டுவது பாதி நேரம் படிக்கட்டாக இருக்கும். காயாவுக்குப் போகும் டொம் லூயிஸ் பாலத்துக்கு இரண்டு தளங்கள். மேப்பில் இரண்டும் ஒரே கோடு, நேரில் பத்து மாடிக்கு மேல் உயர வித்தியாசம். "பாலத்துக்கிட்ட சந்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்றுகொண்டு போனில் சண்டை போடுவதை அங்கே தினமும் பார்க்கலாம். டாக்சி பிடித்தாலும் எந்தத் தளம் என்று சொல்லித்தான் ஏறவேண்டும்.

2. தங்கும் இடத்தை மேட்டில் பிடியுங்கள்

ஆற்றைப் பார்த்த ஜன்னல் என்று விளம்பரம் பார்த்து ரிபெய்ராவில் அறை போடாதீர்கள். அந்த வீடுகள் ஒடுக்கமானவை, பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. சில சந்துகளுக்குள் வண்டியே வராது, பெட்டியைக் கல் பாவிய படிகளில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். போதாததற்கு, கோடையில் ராத்திரி ஒரு மணிக்கும் ஆற்றங்கரையில் சத்தம் ஓயாது.

திரிண்டாட், பொல்யாவ், அலியாதோஸ் அவென்யூ பக்கம் பாருங்கள். மெட்ரோ பக்கத்தில், தெருக்கள் ஓரளவு சமம், பழைய நகரத்துக்குப் பத்து நிமிட நடை. முன்பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா, எத்தனையாவது மாடி என்று இரண்டையும் கேளுங்கள். நகராட்சி ஆள் ஒருவருக்கு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி வாங்குகிறது. அது அறை வாடகையில் சேராமல் தனியாகக் கேட்கப்படலாம், வாக்குவாதம் வேண்டாம்.

ஜூன் 23 இரவு சாவ் ஜோவாவ் திருவிழா. ஊரே தெருவில் இருக்கும், பிளாஸ்டிக் சுத்தியலால் யார் தலையை யார் வேண்டுமானாலும் தட்டலாம், சந்துக்குச் சந்து மத்தி மீன் சுடுவார்கள். அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடியுங்கள். இந்த வழிகாட்டி அன்றைக்கு உதவாது.

3. எடுத்துக்கொள்ள வேண்டியவை, முன்கூட்டி வாங்க வேண்டியவை

செருப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். தெரு முழுக்க கருங்கல், நூற்றாண்டுகளாக மிதிபட்டு வழவழப்பாகிவிட்டது, தூறல் விழுந்தால் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். அடிப்பாகம் ரப்பராக, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். புது ஷூ போட்டுக்கொண்டு வந்து பிளாஸ்டர் தேடி அலையாதீர்கள்.

மெல்லிய ஜாக்கெட் ஒன்று, ஆகஸ்ட் மாதமாக இருந்தாலும். அட்லாண்டிக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, மாலையானதும் ஆற்றின் வழியாகக் காற்று ஏறிவரும், பாலத்தின் மேல்தளத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்களெல்லாம் மதிய வெயிலை நம்பி வந்தவர்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்கோட்டு அவசியம். காற்றில் குடை நிற்காது.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் ஒன்று போதும். கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றில் வெளிநாட்டு அட்டை ஓடாது. பணம் எடுக்க மல்டிபாங்கோ என்று எழுதிய இயந்திரத்தைத் தேடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் வண்ணமயமான இயந்திரங்கள் கட்டணமும் மோசமான மாற்று விகிதமும் வைப்பதுண்டு.

முன்பதிவு இரண்டுக்கு மட்டும் போதும். ஒன்று லெல்லோ புத்தகக் கடை: உள்ளே போகவே நேரம் குறித்த டிக்கெட் வாங்கவேண்டும், புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அன்றைய முதல் நேரத்தையே எடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அந்தச் சிவப்புப் படிக்கட்டில் படிக்கட்டே தெரியாது. இன்னொன்று பால்சா அரண்மனை, அதை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், மதியம் இரண்டரை வாக்கில் இடம் பிடித்துவிடுங்கள். விழா நடக்கும் நாட்களில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதியைச் சரிபார்ப்பது நல்லது.

4. வந்து சேர்வது

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் ஊதா வழி. திரிண்டாடில் இறங்கி மஞ்சள் வழிக்கு மாறினால் அலியாதோஸ், சாவ் பென்டோ, பாலத்தைத் தாண்டி ஜார்டிம் டோ மோரோ. எல்லாவற்றுக்கும் அந்தாந்தே என்ற அட்டைதான்.

இதில் புதியவர்கள் மூன்று இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒரே அட்டையை இரண்டு பேர் பயன்படுத்த முடியாது, ஆளுக்கு ஒன்று வாங்கவேண்டும். கட்டணம் மண்டலக் கணக்கு, விமான நிலையத்துக்கு ஒரு வகை, நகருக்குள் வேறு வகை, முதலில் ஏற்றியது தீராமல் இன்னொரு வகையை அதே அட்டையில் ஏற்ற முடியாது. அப்புறம், நிலையத்தில் கதவு தடுப்பு எதுவும் இருக்காது, மஞ்சள் இயந்திரம் ஒன்று சும்மா நிற்கும், அதில் அட்டையைக் காட்டாமல் ஏறினால் டிக்கெட் இருந்தும் அபராதம். வழி மாறும்போதும் மறுபடி காட்டவேண்டும்.

லிஸ்பனிலிருந்து ரயிலில் வந்தால் கம்பான்யாவில் இறக்கிவிடும். அங்கேயே டாக்சி தேட வேண்டாம், சாவ் பென்டோவுக்குச் சின்ன ரயில் இருக்கிறது, ஐந்து நிமிடம்தான், தொலைதூர ரயில் டிக்கெட்டே அதற்கும் செல்லும்.

5. காலை எட்டேகால்: சாவ் பென்டோ மண்டபம், பிறகு ஏற்றம்

இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இது ஓடிக்கொண்டிருக்கும் ரயில் நிலையம், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வேகமாகக் கடந்து போய்விடுவார்கள், சுவரை மறைக்கமாட்டார்கள். ஒன்பதரைக்கு மேல் கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் கூட்டம் வந்து நிற்கும், அப்புறம் சுவரில் பதித்த எந்த ஓவிய ஓடும் முழுசாகத் தெரியாது.

மண்டபச் சுவர்களில் சுமார் 20,000 வண்ண ஓடுகள், ஜோர்ஜெ கொலாசோ வரைந்தவை. நிலையம் திறந்தது 1916இல். நீலத்தில் வரைந்த பெரிய படங்களை எல்லோரும் பார்க்கிறார்கள், 1415இல் செயுட்டாவைப் பிடித்த காட்சி அவற்றில் ஒன்று. அவற்றுக்கு மேலே, கூரைக்குக் கீழே பல வண்ணத்தில் ஓடும் பட்டையை நிமிர்ந்து பாருங்கள்: மாட்டுவண்டி, குதிரை வண்டி என்று போக்குவரத்து மாறிவந்த கதை அதில் இருக்கிறது. பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே வெளியேறுகிறார்கள்.

வெளியே வந்து லிபர்தாதே சதுக்கத்தைக் கடந்து கிளேரிகோஸ் தெருவில் ஏறுங்கள். இந்த நாளின் முக்கியமான ஏற்றம் இதுதான், கால் புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுகிறோம். கோபுரம் 75 மீட்டர், உள்ளே 200க்கு மேல் படிகள், உச்சியில் எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய அளவு ஒடுக்கம். என்னைக் கேட்டால் ஏறாமல் விடலாம். அதற்கு ஈடான காட்சி மாலையில் அக்கரையில் காசில்லாமல் கிடைக்கும், அந்தப் படிகளின் பலம் மதியத்துக்குத் தேவைப்படும்.

லெல்லோவை முடித்துவிட்டு இரண்டு நிமிட நடையில் கார்மோ தேவாலயம். உள்ளே போகாவிட்டாலும் பக்கவாட்டுச் சுவரைப் பாருங்கள், முழுச் சுவரும் நீல ஓடு. ஒட்டி நிற்கும் இன்னொரு தேவாலயத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு கதவும் ஜன்னல்களும் மட்டும் வைத்த மிக ஒடுக்கமான வீடு ஒன்று செருகியிருக்கும், அதையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

6. விட்டோரியா வழியாக இறங்கி, பூத்தெருவில் திரும்புங்கள்

வந்த வழியே திரும்பாதீர்கள். கொர்தோரியா பூங்காவைத் தாண்டி, பழைய சிறைக் கட்டடத்தில் இருக்கும் புகைப்பட மையத்தின் பக்கமாக சாவ் பென்டோ த விட்டோரியா தெருவில் நுழையுங்கள். மையத்தில் நுழைவு இலவசம், கழிப்பறை தேவைப்பட்டால் இதுவே நல்ல சமயம்.

தெருவின் கடைசியில் விட்டோரியா காட்சிமேடு. மேடு என்று பெயர்தானே தவிர பராமரிப்பில்லாத வெறும் திடல். ஆனால் எதிர்க் குன்றில் சே பேராலயம், இடையில் சிவப்புக் கூரைகள், வலப்பக்கம் ஆறும் பாலமும் என்று இன்றைக்கு நடக்கப்போகும் பாதை முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து படிகளில் இறங்கி சாவ் தொமிங்கோஸ் சதுக்கத்துக்கு வந்தால் ரூவா தாஸ் ஃப்ளோரெஸ் தொடங்கும். வண்டி இல்லாத தெரு, மெதுவான ஏற்றம், மறுபடி சாவ் பென்டோவில் கொண்டுவந்து விடும். வழியில் ஒரு காப்பி. போர்ட்டோவில் சின்னக் கடுங்காப்பிக்கு சிம்பலினோ என்ற பழைய பெயர் இன்னும் புழங்குகிறது, பால் சேர்த்துக் கப் நிறைய வேண்டுமென்றால் மெயா டி லெய்ட்டெ கேளுங்கள். வாசலில் மேசை போட்ட இடங்களில் உட்கார்ந்தால் விலை கூடும், உள்ளே நின்று குடிப்பதுதான் உள்ளூர் வழக்கம்.

7. பதினோரு மணி: சே

சாவ் பென்டோவிலிருந்து விமாரா பெரேஸ் அவென்யூ வழியாகப் போனால் சரிவு தெரியாது. மேப் சில நேரம் குறுக்குச் சந்தைக் காட்டும், அது படிக்கட்டு, வேண்டாம்.

பேராலயத்தின் முன் திடலுக்குக் கட்டணம் இல்லை, உள்ளுக்கு உண்டு. காசு கொடுத்துப் போவது என்று முடிவெடுத்தால் உள்முற்றத்து நீல ஓடுகளுக்காகவும் அதன் மேல்மாடிக்காகவும் போங்கள், பிரதான மண்டபம் இருட்டாக, கனமாக இருக்கும். அரை மணி நேரம் தாராளம்.

8. பார்ரேடோ வழியாக ஆற்றுக்கு

இந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த அரைமணி நேரம் இது, இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ரிபெய்ராவுக்கு வழி கேட்டால் மேப் உங்களை அகலமான மொசின்யோ த சில்வெய்ரா சாலையில் அனுப்பும். போகாதீர்கள். பேராலயத்தின் பின்புறம் டொம் ஊகோ தெருவில் சுற்றிவந்தால் வெர்தாதெஸ் படிக்கட்டு தொடங்கும், அது பார்ரேடோ படிக்கட்டோடு சேர்ந்து கீழே லாதா தெரு வரை இறங்குகிறது.

இரு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம் போன்ற சந்துகள். தலைக்கு மேல் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு, அதில் போர்வையும் பள்ளிச் சீருடையும் கால்பந்துச் சட்டையும் காயும், சொட்டுத் தண்ணீர் கழுத்தில் விழும். பாதி திறந்த கதவுக்குள் தொலைக்காட்சி ஓடும், வாசற்படியில் ஒரு பாட்டி பீன்ஸ் உரித்துக்கொண்டிருப்பார், எண்ணெயில் மீன் பொரியும் வாசம் மேலே ஏறிவரும். இது காட்சிக்கு வைத்த இடமில்லை, ஆட்கள் குடியிருக்கும் தெரு. எதிரே வருகிறவருக்கு "போம் தியா" சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் "போவா தார்தெ". கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், குழுவாக வந்து படியை அடைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

சந்துக்குள் ஜிபிஎஸ் துள்ளும், உயரமான சுவர்களுக்கு நடுவே புள்ளி எங்கோ காட்டும். கவலை வேண்டாம், இறங்கிக்கொண்டே இருந்தால் ஆறுதான் வரும். ஏறத் தொடங்கினால் மட்டும் நின்று யோசியுங்கள்.

9. ரிபெய்ராவும் மதியச் சாப்பாடும்

கரையில் இறங்கியதும் பாலத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெண்கலப் பலகை இருக்கும், அடியில் மெழுகுவத்தியும் பூவும். 1809 மார்ச் 29 அன்று பிரெஞ்சுப் படைக்குப் பயந்து ஓடிய மக்கள் படகுப் பாலம் உடைந்து இங்கே மூழ்கினார்கள். இன்னும் வந்து விளக்கேற்றுகிறார்கள். அதன் மேல் சாய்ந்து செல்ஃபி எடுக்கவேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஆற்றைப் பார்த்த முதல் வரிசையை விட்டுவிட்டு ஒரு தெரு உள்ளே வாருங்கள். வாசலில் படம் போட்ட அட்டையோடு ஆள் கூப்பிடும் கடையைத் தாண்டிப் போங்கள். காகிதத்தில் கையால் எழுதி, ப்ராத்து தோ தியா என்று அன்றைய சாப்பாட்டை ஒட்டியிருக்கும் கடை நல்லது. பன்னிரண்டரைக்குள் போனால் இடம் கிடைக்கும், ஒன்றரைக்கு வரிசை. இரண்டரை மூன்று மணிக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், மறுபடி ஏழு ஏழரைக்குத்தான். நம்மவர்கள் ஆறு மணிக்குப் போய் நின்று பசியோடு திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் வரும். அன்பளிப்பு என்று நினைக்காதீர்கள், தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடாமல் எடுத்துப்போகச் சொல்லிவிடலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊரின் பெயர்பெற்ற பிரான்செசின்யா ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, பன்றித் தொடை, சாசேஜ் என்று அடுக்கி, மேலே சீஸ் உருக்கி, பீர் கலந்த குழம்பில் மிதக்கவிடுவது. மதியம் சாப்பிட்டால் அடுத்த இரண்டு மணி நேரம் நடக்க முடியாது, இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும்: கால்தோ வெர்தெ கீரை சூப் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் அதில் வழக்கமாகச் சொரீசோ சாசேஜ் துண்டு கிடக்கும். "செம் கார்னெ, செம் பெய்ஷெ", அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பக்காலியாவ் கருவாட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

10. பால்சா, சாவ் ஃபிரான்சிஸ்கோ

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், கரையிலிருந்து சின்ன ஏற்றம்தான். வெயில் உச்சத்தில் இருக்கும்போது கூரைக்குள் இருப்பதற்காகவே இந்த நேரம். பால்சாவில் கடைசியாக வரும் அரபு மண்டபத்துக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள், வழிகாட்டி அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கவிடுவார், முன்வரிசையில் போய்விடுங்கள். சாவ் ஃபிரான்சிஸ்கோ தேவாலயம் வெளியே வெறும் கருங்கல், உள்ளே தூண், கூரை, சுவர் எல்லாம் தங்கம் பூசிய மரச் செதுக்கல். அதே டிக்கெட்டில் நிலவறைக் கல்லறைகளையும் பார்த்துவிடலாம்.

நேரம் மீதமிருந்தால் மேற்கே மிராகாயா வரை ஒரு நடை, கூட்டமே இருக்காது.

11. மாலை: கீழ்த்தளத்தில் போய், மேல்தளத்தில் திரும்புங்கள்

பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்து காயாவுக்குப் போங்கள். ரிபெய்ராவின் வீட்டு வரிசை முழுதாகத் தெரிவது அக்கரையிலிருந்துதான், உள்ளே நின்றுகொண்டு அதைப் படம் பிடிக்க முடியாது.

ஒயின் கிடங்குகள் அந்தக் கரையில்தான். சுவைத்துப் பார்ப்பதாக இருந்தால் ஒன்று போதும். போர்ட் ஒயினில் 20 சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் இருக்கிறது, இனிப்பாக இருப்பதால் இறங்குவது தெரியாது, அதற்கப்புறம் உயரமான பாலம் ஒன்றைக் கடக்கவேண்டியிருக்கிறது.

கரையிலிருந்து மேலே ஜார்டிம் டோ மோரோ பூங்காவுக்கு ரோப் கார் போகிறது. ஏற்றத்துக்குக் காசு கொடுக்கத் தகுந்த ஒரே இடம் என்றால் இதுதான். ஆனால் அது மாலையில் நின்றுவிடும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். ஜூனில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல் மறையும், டிசம்பரில் ஐந்தே கால் வாக்கில். எனவே முதலில் மேலே ஏறிவிட்டு அங்கே காத்திருங்கள், கடைசி ரோப் காரை நம்பிக் கீழே உட்கார்ந்திருக்காதீர்கள். புல்வெளியில் இடம் பிடிக்க மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போகவேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் எதிரே சேர்ரா டோ பிலார் மடத்து முற்றத்துக்கு ஏறுங்கள், இன்னும் உயரம்.

பிறகு மேல்தளம் வழியாகத் திரும்புங்கள், முழுக்கச் சமதளம், சே பக்கம் வந்து இறங்கி சாவ் பென்டோவுக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். இங்கே தண்டவாளத்துக்கும் நடப்பவர்களுக்கும் நடுவே வேலி கிடையாது. மெட்ரோ மெதுவாக மணியடித்துக்கொண்டு வரும், ஆனால் நடுவில் நின்று போட்டோ எடுப்பவர் காதில் அது விழுவதில்லை. ஓரத்திலேயே நடங்கள், குழந்தை கையை விடாதீர்கள், கூட்டத்தில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

12. மழை பெய்தால், வயதானவர்கள் கூட இருந்தால்

மழை நாளில் எட்டாவது பகுதியை மட்டும் நீக்கிவிடுங்கள், பார்ரேடோ நனைந்தால் உண்மையிலேயே ஆபத்து. சேயிலிருந்து பட்டாலியா சதுக்கம் வரை நடந்து கிண்டாய்ஸ் விஞ்ச் ரயிலில் இறங்கினால் பாலத்தின் கீழ்த்தளத்துக்குப் பக்கத்தில் விடும். அதற்குத் தனி டிக்கெட் வாங்குங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள், அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் பாதையையே திருப்பிவிடலாம்: மெட்ரோவில் நேராக ஜார்டிம் டோ மோரோ, மேல்தளத்தில் சமதள நடை, சே திடல், பிறகு டாக்சி பிடித்து ரிபெய்ரா, சாப்பாடு, அங்கிருந்து படகு. ஆறு பாலங்களைச் சுற்றிக் காட்டும் படகு சுமார் 50 நிமிடம், உட்கார்ந்தே எல்லாம் பார்த்துவிடலாம். திரும்பவும் டாக்சி. மாலை ஐந்து மணிக்கு மேல் ரிபெய்ரா பக்கம் வண்டி கிடைப்பது கஷ்டம், படகிலிருந்து இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.